டிராகன் பாலில் பவர் லெவல் கணக்கு ஏன் இடிக்கிறது?

டிராகன் பால் என்னும் ஜப்பானியப் படக்கதையில், நாயகன் கோக்குவின் ஆசானான ஆமைக் குரு ரோஷியின் பலம் (பவர் லெவல்) வெறும் 139 என்றால், அவரால் நிலவைத் தகர்க்க முடிந்தது எப்படி, 18,000 பலம் கொண்ட வில்லன் வெஜிட்டா பூமியை அழிப்பேன் என்றதும் எல்லோரும் நடுங்கியது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கணக்கை நேர்செய்ய வழியில்லை. அகிரா தோரியாமா 1984 முதல் 1995 வரை வாராவாரம் வரைந்த கதை இது. முழுநிலவைக் கண்டு பூதக்குரங்காக மாறிய கோக்குவை அடக்க ரோஷி நிலவை உடைத்தபோது, பலத்தை எண்ணால் அளக்கும் யோசனையே கதையில் இல்லை. அளக்கும் ஸ்கவுட்டர் கருவி, வெகுகாலம் கழித்து, கோக்குவின் அண்ணன் ராடிட்ஸின் கண்ணோரத்தில்தான் வந்து சேர்ந்தது.

அந்தக் கருவி வந்த வேகத்திலேயே பொய்த்துப்போவதைப் பலர் கவனிப்பதில்லை. துப்பாக்கி ஏந்திய விவசாயிக்கு 5 என்று காட்டுகிறது. எடை மிகுந்த உடைகளைக் கழற்றியதும் கோக்குவின் 334 என்பது 416 ஆகிறது. அவன் காமெகாமெஹா என்னும் ஆற்றல் வீச்சுக்குச் சக்தியைத் திரட்டும்போது அதுவே 924 ஆக ஏறுகிறது. அழுதுகொண்டிருக்கும் அவன் மகன், சிறுவன் கோஹானுக்கு 710, அவன் பாய்ந்து முட்டும் கணத்தில் 1,307. எண்ணை நம்புகிறவன் தோற்பான் என்பதற்காகவே தோரியாமா எண்ணைக் கொண்டுவந்தார் என்பது என் வாசிப்பு. அடுத்த பெரிய வில்லன் ஃப்ரீசா முதல் உருவில் 530,000 என்றும் இரண்டாம் உருவில் பத்து லட்சத்துக்கு மேல் என்றும் சொன்ன பிறகு, எண்கள் கதையிலிருந்து ஏறக்குறைய விடைபெற்றுவிடுகின்றன.

ஆகவே எண் முரண்பாடு எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. பலம் கூடுவதற்கான விலையைக் காட்டாமல் விடுவதுதான் உறுத்துகிறது. நாமெக் கிரகத்துக்கான பயணத்தில் ஒரு வாரத்துக்குள் கோக்குவின் பலம் பல மடங்காவதும் நம்பக்கூடியதன்று, ஆனால் நூறு மடங்கு ஈர்ப்பு விசையில் உடல் நொறுங்கி, காயமாற்றும் சென்சு விதையைத் தின்று மறுபடி எழுந்து பயிற்சி செய்பவனைப் பார்த்துவிட்டதால் நாம் ஏற்றுக்கொள்கிறோம். 2015இல் வந்த திரைப்படத்தில், பிறவியிலேயே பலசாலியான ஃப்ரீசா நான்கே மாதப் பயிற்சியில் கடவுளரின் சக்தியை எட்டிய கோக்குவுக்கு ஈடாகிவிட்டான் என்கிறார்கள். அந்த நான்கு மாதங்கள் திரையில் இல்லவே இல்லை.

பின்னாளில் வந்த டிராகன் பால் சூப்பர் தொடரில், பிரபஞ்சங்களுக்கு இடையிலான போட்டியில் ரோஷி நின்று போராடியதையும் பலர் முரண்பாடு என்கிறார்கள். எனக்கு அதில் குறையில்லை. அங்கே அவர் வெல்வது அனுபவத்தாலும் தந்திரத்தாலும். அதற்கு விலையாக அவருடைய இதயமே நின்றுபோய், கோக்கு தன் சக்தியைச் செலுத்தி மீட்க வேண்டியிருக்கிறது. அதே தொடரில், ஒரு தீவில் வனவிலங்குகளைக் காத்துக்கொண்டிருந்த ஆண்ட்ராய்டு 17 என்னும் செயற்கை மனிதன், நீலநிறச் சூப்பர் சயான் என்னும் உச்ச பலநிலையில் நிற்கும் கோக்குவோடு சமமாக மோதுவதற்குத்தான், விலங்கு வேட்டைக்காரர்களை விரட்டினான் என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் காட்டப்படவில்லை.