சார்லி பார்க்கரும் வயலின்களும் – ஒரு கடிதம்

வணக்கம்.

நீங்கள் ஜாஸ் பற்றி எழுதியதைப் படித்துத்தான் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரைக் கேட்க ஆரம்பித்தேன். 1945இல் பதிவான ‘கோ-கோ’ என்னைப் புரட்டிப் போட்டது. அப்புறம் வயலின் முதலான தந்திக் கருவிகளோடு அவர் வாசித்த ‘சார்லி பார்க்கர் வித் ஸ்ட்ரிங்ஸ்’ ஆல்பத்தைக் கேட்டேன். பெரிய ஏமாற்றம். ஓட்டல் வரவேற்பறையில் மெல்லிசாக ஓடுமே, அந்த மாதிரி இருக்கிறது. இதைக் காசுக்காகச் செய்தாரா, அல்லது எனக்குத்தான் எதுவும் பிடிபடவில்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

காசுக்காக என்ற பேச்சு அந்த ஆல்பம் வந்த காலத்திலேயே எழுந்தது. நான் அதை ஏற்கவில்லை. 1941இலிருந்தே வயலின் குழுவோடு வாசிக்க வாய்ப்புக் கேட்டுக்கொண்டிருந்ததாகவும், பல வருடம் கழித்துத் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் சம்மதித்ததாகவும் பார்க்கரே 1953இல் ஒரு பேட்டியில் சொன்னார். அதே பேட்டியில், அடுத்ததாக ஊதுகருவிகள், ஹார்ப், பாடகர் குழு எல்லாம் வைத்து ஜெர்மன் இசையமைப்பாளர் ஹிண்டமித்தின் பாணியில் ஒன்று செய்ய ஆசை என்றார். ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியைத் தேடித் தேடிக் கேட்ட மனிதர் அவர். வயலின்கள் அவருடைய நெடுநாள் ஆசை.

1949 நவம்பர் 30, நியூயார்க். அன்றைக்கு ஆறு பாட்டு பதிவானது. நாம் ஆர்கெஸ்ட்ரா என்று சொன்னாலும் அங்கே இருந்த தந்திக் கருவிகள் மூன்று வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, அப்புறம் ஹார்ப். கூட ஓபோ என்ற ஊதுகருவி, பியானோ. பாஸில் ரே பிரவுன், டிரம்ஸில் பட்டி ரிச். ஜிம்மி கேரல் எழுதிய வயலின் பகுதிகள் சாதாரணமானவைதான், அங்கே உங்களோடு உடன்படுகிறேன். ‘ஏப்ரல் இன் பாரிஸ்’ பாட்டில் சர்க்கரை அதிகம்.

ஆனால் நமக்கு அது ஓட்டல் இசையாகக் கேட்பதற்கு வேறு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தப் பாட்டுகள் நம் காதில் இல்லை. ஸ்டாண்டர்ட் என்று சொல்லப்படும் இவை, பெரும்பாலும் 1930களில் மேடைக்கும் சினிமாவுக்கும் வானொலிக்கும் எழுதப்பட்டவை. 1950இல் அந்த ஆல்பத்தை வாங்கிய அமெரிக்கருக்கு மெட்டு மட்டுமல்ல, வரிகளும் மனப்பாடம். பார்க்கர் எந்த இடத்தில் விலகுகிறார், எங்கே ஒரு சொல்லைத் தாமதப்படுத்துகிறார், எதை வாசிக்காமலே விடுகிறார் என்பது அந்த அமெரிக்கருக்கு உடனே தெரியும். நமக்கு எல்லாமே ஒரே குழைவாகப் போய்விடுகிறது.

‘கோ-கோ’வில் இந்தச் சிக்கல் இல்லை. அதுவும் ‘செரோக்கி’ என்ற பிரபலமான பாட்டின் கார்டுகள், அதாவது மெட்டுக்கு அடியில் ஓடும் சுர அடுக்குகள் மேல்தான் நிற்கிறது. ஆனால் அங்கே மெட்டை அவர் தூக்கி எறிந்துவிட்டார். வேகம் ஒன்றே நம்மை இழுத்துக்கொண்டு போகும். இந்த ஆல்பத்தில் மெட்டு கண்ணெதிரே நிற்கிறது, அவர் அதைச் சுற்றி வருகிறார்.

‘ஜஸ்ட் ஃபிரெண்ட்ஸ்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1931இல் வந்த பாட்டு. காதலர்களாக இருந்தவர்கள் இனி வெறும் நண்பர்கள், அவ்வளவுதான் விஷயம். மெட்டு நீண்ட சுரங்களில் நின்று நின்று போகும், இடையில் நிறைய வெற்றிடம். முதலில் யாராவது நேராகப் பாடிய பதிவு ஒன்றை நாலைந்து தடவை கேளுங்கள். செட் பேக்கர் பாடியது இருக்கிறது. முணுமுணுக்க வரும் வரை கேட்டுவிட்டு, பிறகு பார்க்கரிடம் வாருங்கள். அருவி மாதிரி ஒரு ஓட்டத்தோடு உள்ளே நுழைவார். அப்புறம் மெட்டின் நீண்ட சுரம் வரும். அது ஓய்ந்த இடத்தில் பாடகர் மூச்சு வாங்குவார், பார்க்கரோ அங்கேதான் பேச ஆரம்பிப்பார். பாட்டில் சொல்லாமல் விட்டதையெல்லாம் அந்த இடைவெளிகளில் சொல்கிறார் என்றே எனக்குப் படும். தன் பதிவுகளில் அவருக்கே மிகவும் பிடித்தவற்றில் இது ஒன்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘கோ-கோ’வில் அவர் ஒன்று சொன்னால் மாக்ஸ் ரோச்சின் டிரம்ஸ் அந்தக் கணமே பதில் சொல்லும். வயலின்களால் அது முடியாது. வயலின் வாசிப்பவர்கள் முன்னால் எழுதிவைத்த இசைத் தாள் இருக்கிறது; பார்க்கர் என்ன வாசித்தாலும் அடுத்த தாளக் கட்டத்தில் தாளில் உள்ள அதே சுரம்தான் வரும். காது கேளாத ஒருவரிடம் பேசுகிற மாதிரி. அப்படியும் அவர் குரலை உயர்த்துவதில்லை. கொஞ்சம் பின்தங்கி, கொஞ்சம் முந்தி, அந்த அசையாத வயலின்களைக் கூட உயிரோடு இருப்பதாகத் தோன்ற வைக்கிறார். இதைக் கேட்ட பிறகுதான் அவருடைய ஆல்ட்டோ சாக்ஸபோனின் நாதமே எனக்குச் சரியாகப் பிடிபட்டது. வேகமான பதிவுகளில் அதைக் கவனிக்க நேரமே கிடைக்கவில்லை.

‘சம்மர்டைம்’ பாட்டில் மெட்டை விட்டு அதிகம் விலக மாட்டார். அதைக் கடைசியில் கேளுங்கள். 1950 ஜூலையில் ஜோ லிப்மன் எழுதிக்கொடுத்து நடந்த இரண்டாவது பதிவில் ‘லாரா’ இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள்.

வயலின்கள்தான் இன்னும் இடைஞ்சல் என்றால் இன்னொரு சாக்ஸபோன் கலைஞரான ஸ்டான் கெட்ஸின் ‘ஃபோக்கஸ்’ ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள், 1961இல் பதிவானது. அதில் எடி சாட்டர் தந்திக் கருவிகளுக்கு முழுமையாக எழுதிவிட்டு, கெட்ஸுக்கு மெட்டு என்று ஒரு வரி கூட எழுதித் தரவில்லை. தன் வழியை அவரேதான் கண்டுபிடித்துக்கொண்டார். அதைக் கேட்டுவிட்டு மறுபடி ‘ஜஸ்ட் ஃபிரெண்ட்ஸ்’ போட்டால் உங்களுக்கு எப்படிக் கேட்கிறது என்று எழுதுங்கள்.