மோர்ப் பந்தலும் மணல் லிங்கமும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எனக்குத் தேவிபட்டினம் பக்கத்தில் ஒரு கிராமம். 17 வருஷமாக ஆடி அமாவாசை அன்று, கடலுக்குள் ஒன்பது கல்லாக நிற்கும் நவபாஷாணத்துக்கு வருகிறவர்களுக்கு நானும் என் வீட்டுக்காரியும் மோர்ப் பந்தல் போட்டு வருகிறோம். முதல் வருஷம் ஒரு குடம். இப்போது மூன்று அண்டா. எல்லாம் கைக்காசுதான். இந்தத் தடவை ஊர் இளைஞர்கள் கமிட்டி போட்டுப் பெரிதாகச் செய்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் பந்தல் வாசலில் வைத்த ஃபிளக்ஸில் பணம் கொடுத்தவர்கள் எல்லோருடைய படமும் இருந்தது, என் பேர்கூட இல்லை. காலை ஒன்பது மணிக்கு அதைப் பார்த்தேன். தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். மைக்கில் ஒவ்வொரு பேராக வாசித்தது வீடு வரைக்கும் கேட்டது.

கமிட்டியில் என் மச்சினனும் இருக்கிறான். அவனிடம் சொன்னதற்கு, "சாமிக்குச் செய்யிறதுக்குப் பேர் எதுக்கு மச்சான், உங்களுக்கு அகங்காரம்" என்றான். அதற்கப்புறம் நான் கோயில் பக்கமே போகவில்லை. 'நான் ஒரு அணில்தானே, அணிலுக்கு எதற்குப் பேர்' என்று மனசுக்குச் சொல்லிப் பார்க்கிறேன். அடங்க மாட்டேன் என்கிறது. பணிவு எப்படி அண்ணே வரும்?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன். படித்ததும் எனக்கும் கோபம் வந்தது. கோபத்தோடு பதில் எழுத வேண்டாம் என்றுதான் தள்ளிப் போட்டேன்.

முதலில் ஒன்று. உங்களுக்கு வலித்ததில் தப்பே இல்லை. 17 வருஷம் தயிர் உறை ஊற்றியவருக்கு வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ராமேஸ்வரத்துக் கதை நம் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். பூஜைக்கு லிங்கம் கொண்டு வர அனுமன் கைலாயம் போகிறார். முகூர்த்த நேரம் நெருங்குகிறது, ஆளைக் காணோம். சீதை கடற்கரை மணலைப் பிடித்து லிங்கம் செய்கிறாள், ராமர் அதையே பிரதிஷ்டை செய்துவிடுகிறார். அதன் பிறகு கையில் லிங்கத்தோடு அனுமன் வந்து இறங்குகிறார். எவ்வளவு தூரம் போய், எவ்வளவு அலைந்து கொண்டு வந்தது! இங்கே பூஜையே முடிந்துவிட்டது. கோபத்தில் மணல் லிங்கத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தன்னுடையதை வைக்கப் பார்க்கிறார். வாலைச் சுற்றி இழுக்கிறார். மலையைத் தூக்கி வந்தவருக்கு ஒரு கூடை மணல் அசைந்து கொடுக்கவில்லை.

கதை சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்தி, பார்த்தாயா கர்வபங்கம் என்பார்கள். எனக்கு அதற்கு அடுத்து வருவதுதான் முக்கியம். ராமர் அனுமனைப் பார்த்து 'உனக்கு அகங்காரம்' என்று சொல்லவில்லை. அனுமன் கொண்டு வந்த லிங்கத்தையும் வடக்கே வைத்து, முதல் பூஜை இதற்குத்தான் என்று உத்தரவு போட்டார். இன்றைக்கும் ராமேஸ்வரத்தில் விஸ்வநாதருக்குப் பூஜை ஆன பிறகுதான் ராமநாதருக்கு. தொண்டு செய்தவனின் மனவலியைக் கோயிலே இத்தனை காலமாக மறக்காமல் வைத்திருக்கிறது. அதே சமயம், அந்த வலிக்காக முகூர்த்தம் காத்திருக்கவும் இல்லை.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நான்கு தடவை படித்தேன். ஃபிளக்ஸ் எங்கே இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், மைக் எதுவரை கேட்டது, மச்சினன் என்ன சொன்னார், எல்லாம் இருக்கிறது. நீங்கள் வந்த பிறகு மோர் என்ன ஆயிற்று என்று ஒரு வரி இல்லை. மூன்று அண்டாவுக்கு எவ்வளவு உப்பு என்பது உங்கள் இரண்டு பேருக்குத்தானே கைப்பழக்கம்? வெயில் ஏற ஏறத்தான் கூட்டம். கடலுக்குள் இறங்கி நவபாஷாணத்தைச் சுற்றி, தர்ப்பணம் கொடுத்துவிட்டு, நாக்கு வறண்டு கரையேறுகிறவர்களுக்கு அன்றைக்கு யார் மொண்டு கொடுத்தார்கள்?

இதைக் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. எனக்கும் இது நடந்திருக்கிறது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு கோயில் கும்பாபிஷேக மலருக்கு ஆறு மாதம் உழைத்தேன். தலபுராணத்தைத் திருப்பி எழுதி, பதிகங்களைச் சேர்த்து, பிழை பார்த்து, எல்லாம் சும்மாதான். மலர் வந்தது, என் பேர் இல்லை. அன்று ராத்திரி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பேரைத் தேடினேன். அப்புறம் அதைத் தொடவே இல்லை. பத்து வருஷம் கழித்து வேறு எதற்கோ எடுத்துப் புரட்டியபோதுதான், ஒரு தேவாரப் பாட்டில் இரண்டு அடி அச்சில் விட்டுப்போயிருந்தது கண்ணில் பட்டது. அதைப் பாராயணப் பிரதியாக வைத்திருந்த வீடுகளில் பத்து வருஷமாக அந்தப் பாட்டை அப்படியே படித்திருப்பார்கள். வந்த அன்றைக்கே பார்த்திருந்தால் திருத்தத் தாள் ஒட்டிக் கொடுத்திருக்கலாம். நான் அன்று பாட்டைப் பார்க்கவில்லையே. பேர் வராத வருத்தம் எப்போதோ போய்விட்டது. இந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அகங்காரம் என்று நான் சொல்வது இதைத்தான். வலி வேறு. வேலையை விட்டுவிட்டுக் கண் நம் மேலேயே திரும்பிவிடுவது வேறு. அதனால்தான் 'நான் ஒரு அணில்தானே' என்று சொல்லிப் பார்த்தும் உங்களுக்கு அடங்கவில்லை. அதிலும் பேச்சு உங்களைப் பற்றித்தானே? ராமருக்கு அணை கட்டிய அணிலை 'திருமாலை' என்ற பாசுர நூலில் பாடியவர் தொண்டரடிப்பொடியாழ்வார். அரங்கனுக்குப் பூமாலை கட்டிக் கொடுத்தவர், தொண்டர்களின் பாதத்தூசி என்பதே அவர் பேர். அவர் தன்னை அணில் என்று சொல்லிக்கொள்ளவில்லை, 'சலமிலா அணிலும் போலேன்' என்கிறார். கபடம் இல்லாத அந்த அணில் மாதிரிகூட நான் இல்லையே என்ற ஏக்கம் அது. அந்த அணில் என்ன செய்தது என்றும் சொல்கிறார்: குளித்து, புரண்டு, ஓடி. தான் சின்னவன் என்று நினைக்க அதற்கு நேரமே இல்லை.

எங்கள் அப்பத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உச்சிப்புளி பக்கம், ராமேஸ்வரம் போகும் ரோட்டோரத்து வீடு. பாம்பன் சாலைப் பாலம் 1988-இல்தான் திறந்தார்கள். அதற்கு முன்னால் தீவுக்குள் போக ரயில், இல்லையென்றால் படகு. பாலத்துக்கு இந்தப் பக்கத்து ஊரான மண்டபம் வரைக்கும் நடந்தே வருகிற பரதேசிகளும் குடும்பங்களும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நம் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிணற்றில் வாய் வைக்க முடியாது. கோடையில் ஊருணி மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறி வரும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிறைப்பார். பழைய வேட்டித் துணியில் வடிகட்டித் திண்ணையில் பானையில் வைப்பார்.

அந்தக் காலத்தில் வழிப்போக்கருக்குத் தண்ணீர் என்றால் மேலிருந்து ஊற்றுவார்கள், குனிந்து நின்று கையேந்திக் குடிக்க வேண்டும். எதனால் அப்படி என்று உங்களுக்குத் தெரியும். அப்பத்தா செம்பில் மொண்டு செம்பையே கையில் கொடுத்துவிடுவார். யார், எவர் என்று கேட்கவே மாட்டார். சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அவர் சாயங்காலம் புளியும் சாம்பலும் போட்டுச் செம்பைத் தேய்த்துக்கொண்டே சொல்வார்: "மேலேருந்து ஊத்துனா நம்ம கை ஒசந்துபோகும்ப்பா. செம்பைக் குடுத்துட்டா அவுக பாட்டுக்குக் குடிச்சுக்குவாக." பணிவு என்ற வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

உங்கள் மச்சினன் சொன்னதை நான் ஏற்கவில்லை. பணிவை அடுத்தவருக்குப் புத்திமதியாகச் சொல்ல ஆரம்பித்தால் அது கெட்டுப்போகிறது, அதிலும் உழைத்தவரின் வாயை மூடுவதற்குச் சொன்னால். 1897 ஜனவரியில் விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து இலங்கை வழியாகத் திரும்பிப் பாம்பனில் இறங்கியபோது, குதிரையை அவிழ்த்துவிட்டு ஜனங்கள் இழுத்த வண்டியை ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதியும் சேர்ந்து இழுத்தார். ராஜா பிறருக்குப் பணிவைப் போதிக்கவில்லை, தன் கையால் வண்டியைப் பிடித்தார். அப்புறம் ராமேஸ்வரம் கோயிலில் விவேகானந்தர் இரண்டு தோட்டக்காரர்களைப் பற்றிப் பேசினார். ஒருவன் எஜமான் வந்தால் முன்னால் ஆடி அவர் முக அழகைப் புகழ்கிறவன். இன்னொருவன் அதிகம் பேசாமல் உழைத்து, விளைந்த காய்கனிகளைத் தலையில் சுமந்துகொண்டு போய்க் கொடுக்கிறவன். எஜமானுக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்டார்.

சரி, இனி என்ன செய்யலாம்? மச்சினனிடமும் அந்தப் பையன்களிடமும் நேராகப் பேசுங்கள். "எனக்கு வருத்தமாக இருந்தது" என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள், சொல்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. பணம் கொடுத்தவர் பட்டியல் கையில் இருந்திருக்கும், பார்த்து அடித்திருப்பார்கள். உப்புப் போடும் பக்குவத்தையும் அவர்களில் இரண்டு பேருக்காவது இப்போதே சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

தை அமாவாசைக்கும் தேவிபட்டினத்தில் கூட்டம் இருக்கும். அன்று விடியற்காலையிலேயே வந்துவிடுகிறேன். பெருங்காயமும் இஞ்சியும் நான் வாங்கி வருகிறேன். அண்டா கழுவுகிற வேலையை எனக்கு விட்டு வையுங்கள்.

அன்புடன்,
அண்ணன்