துக்கத்தில் ஜெபம், ஓய்வுநாள், தூக்கம்: கேள்வி பதில்

துக்கம், களைப்பு, அன்றாட ஜெபம் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. வசன எண்களைக் கூடவே தந்திருக்கிறேன். வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தால் நல்லது.

கேள்வி: கணவர் இறந்து நான்கு மாதம் ஆகிறது. ஜெபிக்க முழங்கால்படியிட்டால் ஒரு வார்த்தை வருவதில்லை. விசுவாசம் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது ஐயா.

போகவில்லை அம்மா. போயிருந்தால் முழங்கால்படியிட மாட்டீர்கள்.

சொந்த வார்த்தை வராத காலத்துக்கென்றே சங்கீதங்கள் இருக்கின்றன. 13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே 6 வசனம். முதல் இரண்டு வசனத்தில் முறையீடு. “எதுவரைக்கும்” என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. அடுத்த இரண்டில் விண்ணப்பம்: என்னை நோக்கிப்பாரும், செவிகொடும், என் கண்களைத் தெளிவாக்கும். கடைசி இரண்டில்தான் நம்பிக்கையும் பாட்டும்.

முதல் வாரம் முழுவதும் முதல் இரண்டு வசனத்தை மட்டும், தினமும் ஒரே நேரத்தில், வாய்விட்டு வாசியுங்கள். மனதுக்குள் வாசித்தால் எண்ணம் வேறு எங்கோ போய்விடும். சத்தம் அதைப் பிடித்து வைக்கும். பிறகு ஒரு தாளில் “எதுவரைக்கும்” என்று தொடங்கி உங்கள் வாக்கியம் ஒன்றை எழுதுங்கள். “எதுவரைக்கும் சாயங்காலம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்?” என்பதுபோல, உள்ளபடி இருக்கட்டும். அதற்கு அழகு தேவையில்லை. இரண்டாம் வாரம் 3, 4 வசனங்களுக்குப் போங்கள். ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள். 5-ஆம் வசனம் எப்போது உங்கள் வாயில் உண்மையாக நிற்குமோ அப்போது அதற்குப் போனால் போதும்.

பலரும் இடறுவது இங்கேதான். முதல் நாளே கடைசி வசனத்துக்குத் தாவி, “நான் களிகூருகிறேன்” என்று வாயால் சொல்லிவிடுகிறார்கள். உள்ளே முறையீடு அப்படியே கிடக்கிறது. சில வாரங்களில் ஜெபமே பொய்யாகத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

5-ஆம் வசனம் வரவே இல்லை என்றால் 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. 18 வசனத்திலும் விடியல் இல்லை. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே “இருள்” என்பதுதான். அதையும் தேவன் தம் ஜனத்தின் ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறார். ஒன்றுமே முடியாத நாளில் சும்மா உட்கார்ந்திருங்கள். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. அந்த நாளும் ஜெபித்த நாள்தான்.

கேள்வி: “நம்பிக்கையற்றவர்களைப்போல அழாதே” என்று சொந்தக்காரர்கள் வசனம் காட்டுகிறார்கள். அழுவது தவறா?

அவர்கள் காட்டுவது 1 தெசலோனிக்கேயர் 4:13. நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போல துக்கிக்க வேண்டாம் என்கிறது அந்த வசனம். துக்கிக்கவே வேண்டாம் என்று அது சொல்லவில்லை.

யோவான் 11-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள் தங்கச்சி. “ஆண்டவரே, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்” என்று 21-ஆம் வசனத்தில் மார்த்தாள் சொல்கிறாள். 32-ஆம் வசனத்தில் அவள் சகோதரி மரியாளும் அதையே சொல்கிறாள். மார்த்தாளிடம் இயேசு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். மரியாளிடம் பேசவில்லை, கண்ணீர் விட்டார். கொஞ்ச நேரத்தில் அவர்கள் சகோதரன் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் அழுதார். நம்பிக்கை இருக்கிற இடத்தில் கண்ணீருக்கு இடமில்லை என்று சொல்பவர்கள் இந்த அதிகாரத்தை என்ன செய்வார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

நாள்கணக்கும் பாருங்கள். யாக்கோபுக்காக யோசேப்பு 7 நாள் துக்கம் கொண்டாடினான் (ஆதியாகமம் 50:10). மோசேக்காக இஸ்ரவேலர் 30 நாள் அழுதார்கள் (உபாகமம் 34:8). வேதம் அழுகைக்கு நாள் ஒதுக்குகிறது. ஆறின மனம் ஒரு வருடம் கழித்துத் திடீரென்று உடைந்தாலும் பின்வாங்கிவிட்டோம் என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: துக்க வீட்டுக்குப் போனால் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. வசனம் சொல்லலாமா?

யோபுவின் நண்பர்கள் செய்த ஒரே நல்ல காரியம், 7 நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தது (யோபு 2:13). வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

பதினைந்து, இருபது நிமிடம் போதும். அழைக்கப்பட்டால் மட்டும் அதிகம் இருங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அந்தப் பெயரை எல்லோரும் தவிர்ப்பதுதான் வீட்டாரை அதிகம் நோகடிக்கிறது. “ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்” என்று விட்டுவிடாதீர்கள். துக்கத்தில் இருப்பவர் தனக்கு என்ன வேண்டும் என்று யோசித்து, கூச்சத்தை விட்டுக் கேட்கவும் வேண்டியிருக்கிறது. இரண்டும் அவரால் ஆகாது. “வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாடு நான் கொண்டுவருகிறேன்”, “பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நான் கூட்டிவருகிறேன்” என்று நாளையும் வேலையையும் சொல்லுங்கள்.

வசனம் வாசிக்கச் சொன்னால் 23-ஆம் சங்கீதம் வாசித்து, இரண்டு மூன்று வாக்கியத்தில் ஜெபித்து முடியுங்கள். “சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது” என்ற ரோமர் 8:28 சத்தியம்தான். ஆனால் அது துக்கப்படுகிறவர் தாமே வந்து சேரவேண்டிய வசனம். முதல் வாரத்தில் வெளியாள் அதைச் சொன்னால், “இந்தச் சாவு நல்லது” என்றுதான் காதில் விழும். அதே நிருபத்தின் 12:15 உங்களுக்கானது: “அழுகிறவர்களுடனே அழுங்கள்.”

இன்னொன்று. அடக்கம் நடந்த தேதியை நாட்காட்டியில் குறித்து, மூன்றாம் மாதமும் முதல் வருடமும் ஒரு போன் செய்யுங்கள். அப்போதுதான் வீடு வெறிச்சோடியிருக்கும்.

கேள்வி: என் பாவத்துக்காகத்தான் தேவன் என் குழந்தையை எடுத்துக்கொண்டாரா?

இல்லை அம்மா. பிறவிக்குருடனைக் காட்டி “யார் செய்த பாவம்?” என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்று இயேசு சொன்னார் (யோவான் 9:3). சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்ற எண்ணத்தை அவரே மறுத்தார் (லூக்கா 13:4, 5). ஏன் நடந்தது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் வைத்திருப்பதாகச் சொல்கிறவர்களிடம் இப்போது போகாதீர்கள். இந்தக் கேள்வியைத் தனியாகச் சுமக்கவும் வேண்டாம். உங்கள் போதகரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ இதே வார்த்தைகளில் சொல்லுங்கள்.

கேள்வி: ராத்திரி தூக்கமில்லை. “நானும் போய்ச் சேர்ந்தால் தேவலை” என்று தோன்றுகிறது. இப்படி நினைப்பதே பாவம் என்கிறார்கள்.

தீர்க்கதரிசி எலியா இதையே சொன்னான் தம்பி. 1 இராஜாக்கள் 19:4-இல் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்றான். தேவன் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டார், தூதனை அனுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பிட வைத்தார். “நீ பண்ண வேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்பதுதான் தூதன் சொன்ன காரணம். ஓரேப் மலையில் தேவன் அவனோடு பேசியது அதற்கு 40 நாளுக்குப் பிறகு.

அதே வரிசையில் போங்கள்: முதலில் சாப்பாடு, தூக்கம், கூட ஒரு ஆள். போனை வேறு அறையில் வையுங்கள். படுத்தும் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் மூன்றே வசனமுள்ள 131-ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசித்து, கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள். கட்டிலில் புரண்டுகொண்டே போராடினால் கட்டிலைப் பார்த்தாலே விழிப்பு வரும்படி உடம்பு பழகிவிடும்.

சாவைப் பற்றிய எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால், அல்லது எப்படி என்று யோசிக்கும் அளவுக்குப் போனால், ஒரு நாளும் தள்ளாமல் இன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவரிடம் போங்கள். தனியாக இருக்காதீர்கள். மருந்து எடுப்பது அவிசுவாசம் ஆகாது. எலியாவுக்கு அடை வந்ததுபோல உங்களுக்கு இது.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு அதிக வேலை. பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி, மத்தியானம் வீட்டில் விருந்து. இதில் எங்கே ஓய்வு?

ஓய்வு அதற்கு முந்தின நாளிலேயே தொடங்குகிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தந்த உணவாகிய மன்னாவைப் பாருங்கள்: ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்த்து, வேகவைக்கவேண்டியதை அன்றே வேகவைத்தார்கள் (யாத்திராகமம் 16:22, 23). சனிக்கிழமை மாலைக்குள் துணி, சாப்பாட்டுக்கான ஆயத்தம், கட்டணம் கட்டும் வேலை எல்லாம் முடியட்டும். முடியாதது திங்கட்கிழமைக்குப் போகட்டும். மத்தியானச் சாப்பாட்டை ஒரே பாத்திரத்துச் சமையலாக்குங்கள். பிறகு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை யாருக்கும் எதற்கும் கிடைக்க மாட்டீர்கள் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். ஊழியம் இரண்டு இருந்தால் ஒன்றை இந்த வருடம் வேறொருவரிடம் ஒப்படையுங்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. உபாகமம் 5:14 வேலைக்காரனும் வேலைக்காரியும் “உன்னைப்போல” இளைப்பாற வேண்டும் என்கிறது. மனைவி அடுப்படியில் நிற்க, கணவர் மட்டும் படுத்திருந்தால் அந்த வீட்டில் ஓய்வுநாள் நடக்கவில்லை.

கேள்வி: படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறேன். உட்கார்ந்து ஜெபிக்க நேரமே இல்லை.

வேலையோடு ஜெபத்தைக் கட்டிவிடுங்கள் சகோதரி. “இயேசுவே, தாவீதின் குமாரனே” என்று மூச்சை இழுக்கும்போதும், “எனக்கு இரங்கும்” என்று விடும்போதும். குருடனான பர்திமேயு இயேசுவைக் கூப்பிட்ட வார்த்தைகள் அவை (மாற்கு 10:47). தினமும் தவறாமல் நடக்கும் மூன்று வேலைகளைத் தேர்ந்தெடுங்கள்: பால் காய்ச்சுவது, அவர்களைத் திருப்பிப் படுக்கவைப்பது, கதவு பூட்டுவது. ஒவ்வொன்றிலும் மூன்று முறை சொன்னால் போதும். எல்லா நேரமும் சொல்ல முயன்றால் மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள்.

ராத்திரி பத்து நிமிடம் கிடைத்தால், 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த ஐந்து படிகள் உதவும்: நன்றி சொல்வது, வெளிச்சம் கேட்பது, கழிந்த நாளை மணிவாரியாக நினைத்துப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒரு தீர்மானம். களைத்த நாளில் நன்றி ஒன்றையாவது, “இன்று அவர்கள் கஞ்சி முழுவதும் குடித்தார்கள்” என்ற அளவுக்குத் துல்லியமாகச் சொல்லுங்கள். பாதியில் தூங்கிவிட்டால் கவலைப்படாதீர்கள். “அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்” என்கிறது சங்கீதம் 127:2.