ஆயில் பம்ப்: பெரிசு வாங்கலாமா, சரியானதை வாங்கலாமா?

கோபிசெட்டிபாளையம் வாசகர்: அண்ணா, என்னிடம் ஒரு பழைய மாருதி எஸ்டீம் கார் இருக்கிறது. இன்ஜினை முழுசாகப் பிரித்து போர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங், வேறு கேம் எல்லாம் போட்டாயிற்று. செட்டிபாளையம் காரி ஸ்பீட்வேயில் வாய்ப்பு கிடைக்கும்போது ஓட்டுவேன், மற்ற நாள் வீட்டுக்கும் தோட்டத்துக்கும்தான். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் "ஹை வால்யூம் பம்ப் போடாம விட்டீங்கன்னா பேரிங் போயிருமுங்க" என்கிறார். மெக்கானிக் பழைய பம்ப்பே போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

தம்பி, இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள். முதலில் கேட்க வேண்டிய ஆள் கிராங்க் கிரைண்டிங் செய்தவர். மெயின் பேரிங்கில் எவ்வளவு கிளியரன்ஸ் (இடைவெளி), பிக் எண்டில் (கனெக்டிங் ராட் கிராங்கைப் பிடிக்கும் இடம்) எவ்வளவு என்று எண்ணாகக் கேளுங்கள். "கரெக்டா இருக்குதுங்க" என்பது எண் இல்லை. அவரிடம் எண் இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிகேஜ் துண்டு (நசுங்கிய அகலத்தை வைத்து இடைவெளியைச் சொல்லும் மெல்லிய பிளாஸ்டிக் நூல்) வைத்து பேரிங் கேப்பை டார்க் ரெஞ்சில் முறுக்கி, திரும்பக் கழற்றிப் பாருங்கள், அரை நாள் வேலை.

ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்றால், பம்ப் ஆயிலைத் தள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. போகிற வழியில் இருக்கும் தடைதான் கேஜில் பிரஷராகத் தெரிகிறது. தோட்டத்துச் சொட்டுநீர் லைனில் கடைசி மூடி கழன்றுவிட்டால் மோட்டார் என்னவோ அதே மோட்டார்தான், ஆனால் ஒரு சொட்டுவானிலும் தண்ணீர் வராது இல்லையா? இன்ஜினில் அந்த மூடி பேரிங் கிளியரன்ஸ். பொதுவாக ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்க் பகுதி) விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கணக்கு, 45 மி.மீ. ஜர்னல் என்றால் 0.045 மி.மீ. இதில் பலர் கவனிக்காதது என்னவென்றால், கிளியரன்ஸ் கூடினால் ஆயில் வெளியேறுவதும் அதே அளவில் கூடுவதில்லை, கிட்டத்தட்ட அதன் கனத்தின் (மூன்று முறை பெருக்கிய) கணக்கில் ஏறும். 0.045 என்பது 0.060 ஆனால் கசிவு இரண்டு மடங்குக்கும் மேல். ஹை வால்யூம் பம்ப் என்று விற்பது சாதாரணமாக கால் பங்கு அளவுக்குத்தான் கூடுதலாகத் தள்ளும். லூசாகக் கட்டிய கிராங்கை அதை வைத்துச் சமாளிக்க முடியாது, சரியாகக் கட்டிய கிராங்குக்கு அது தேவையே இல்லை.

அப்புறம் ஹை வால்யூம் வேறு, ஹை பிரஷர் வேறு. கடையில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். வால்யூம் கூட வேண்டுமென்றால் உள்ளே சுழன்று ஆயிலைத் தள்ளும் ரோட்டர் தடிமனாக வேண்டும், பிரஷர் கூட வேண்டுமென்றால் ரிலீஃப் வால்வு (பிரஷர் எல்லை தாண்டினால் திறந்து மிச்ச ஆயிலைத் திருப்பிவிடுவது) ஸ்பிரிங் கடினமாக வேண்டும். ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து விறைப்பாக்கினால் மேல் எல்லை மட்டும்தான் உயரும். சூடான ஐடிலில் அந்த வால்வு மூடியே இருக்கும், அதனால் அங்கே ஒரு மாற்றமும் தெரியாது. ஆயிரம் ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய ரேஸ்காரர்கள் கணக்கு. 7,000 சுற்றும் இன்ஜினுக்கு நன்றாகச் சூடான பிறகு 65, 70 வந்தால் தாராளம். 100 காட்டினால் நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளலாம், பேரிங்குக்கு அதனால் ஒன்றும் கூடுதல் நன்மை இல்லை.

பெரிய பம்ப் போட்டால் குதிரைத்திறன் தின்றுவிடும் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதுவும் மிகை. 5 பார் பிரஷரில் நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று போட்டுப் பாருங்கள், 0.33 கிலோவாட், அரை குதிரைகூட இல்லை. உண்மையான தொல்லை உறிஞ்சும் பக்கத்தில். ரோட்டரைத் தடிமனாக்கிவிட்டு ஸ்டெய்னர் (பம்ப் ஆயில் உறிஞ்சும் வலைவாய்) குழாயை அதே விட்டத்தில் விட்டால், உச்ச வேகத்தில் குழாய் அவ்வளவு ஆயிலைக் கொடுக்காது, பம்ப் குமிழியை விழுங்க ஆரம்பிக்கும். மிச்ச ஆயில் ரிலீஃப் வால்வு வழியாகச் சும்மா சுற்றிச் சூடேறும். கோவை ஏப்ரல் மாத மத்தியானத்தில் டிராக்கில் ஆயில் ஏற்கெனவே கொதிக்கிற நிலைமையில்தான் இருக்கும், நாமும் ஏன் கூட்ட வேண்டும்?

அதனால் உங்களுக்கு நான் சொல்வது புது ஒரிஜினல் பம்ப். பழையதையே போடலாம் என்கிற மெக்கானிக் பாதி சரி. போடுவதற்கு முன் கழற்றி, மேலே நேர்விளிம்பு வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். ரோட்டருக்கும் மேல்தளத்துக்கும் இடையே 0.15 மி.மீ. இலை நுழைந்தால் அந்த பம்ப் ஓய்வு பெற வேண்டியது. அளவு சரியாக இருந்தாலும் உள்சுவரில் நகம் மாட்டுகிற அளவுக்கு வரிவரியாகக் கீறல் இருந்தால் தூக்கிப் போடுங்கள், முந்தைய பேரிங் தூள் அதன் வழியாகத்தான் போயிருக்கிறது. ஒரு இன்ஜின் கட்டுகிற செலவில் பம்ப் விலை எத்தனை பங்கு, நீங்களே சொல்லுங்கள். டப்பாவில் கம்பெனி பெயர் இருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள், போலி நிறைய. வாங்கிய புது பம்ப்பையும் பிரித்து அளந்துவிட்டுத்தான் நான் மாட்டுவேன்.

இன்னொரு விஷயம் ரோட்டரின் உலோகம். எஸ்டீமில் பம்ப் கிராங்கின் மூக்கிலேயே, டைமிங் பெல்ட் பக்கம் உட்கார்ந்திருக்கிறது, கிராங்க் அதிர்கிற அதிர்ச்சி எல்லாம் நேராக உள் ரோட்டருக்குப் போகும். கம்பெனி ரோட்டர்கள் பெரும்பாலும் உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்தவை. ரோட்டில் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் ஓடும், ஆனால் எப்போதும் ரெவ் லிமிட்டரில் (இன்ஜின் சுற்றை உச்ச வரம்பில் நிறுத்துவது) மோதவிட்டால் விரிசல் விட்டு உடையும். நிஸ்ஸான் ஆர்.பி., ஹோண்டா பி சீரிஸ் இன்ஜின் வைத்திருக்கும் ஆட்கள் ஸ்டீல் ரோட்டர் தேடுவது இதற்காகத்தான். நீங்கள் 7,000-க்குள் நிற்பதாக இருந்தால் கம்பெனி ரோட்டர் போதும். அதற்கு மேல் வாடிக்கையாகப் போவதாக இருந்தால், வால்யூமுக்குச் செலவு செய்யாமல் ஸ்டீல் ரோட்டருக்குச் செலவு செய்யுங்கள்.

உடனே "ரோட்டரைக் கோவை கணபதிப் பட்டறையில் ஒயர் கட்டிங்கில் (மின்கம்பியால் உலோகம் வெட்டும் முறை) அடித்துக்கொள்ளலாமே" என்று தோன்றும், நம் ஊர்க்காரர்களுக்குத் தோன்றாமல் இருக்காது. வடிவத்தை வெட்டிவிடலாம். சரியான ஸ்டீல், ஹீட் ட்ரீட்மெண்ட், அதற்குப் பிறகு இரண்டு முகத்தையும் நூறில் ஒரு பங்கு மி.மீ. கணக்கில் கிரைண்டிங், இவை மூன்றையும் ஒருவரே பொறுப்பெடுத்துச் செய்வாரானால் சரி. ஆளுக்கொரு பட்டறை என்றால் வேண்டாம்.

ஆயில் கூலர் வைத்து, பிஸ்டனுக்கு அடியில் பீய்ச்சும் ஜெட்டும் வைத்து, வேண்டுமென்றே கிளியரன்ஸைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டிய முழு ரேஸ் இன்ஜின் என்றால் ஹை வால்யூம் பம்ப்புக்கு நியாயம் உண்டு. உங்களுடையது அது இல்லை. மிச்சமாகும் பணத்தில் சம்ப்புக்குள் (இன்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டி) தடுப்புத் தகடு வெல்டிங் வையுங்கள். டிராக்கில் பேரிங் போவது பம்ப் சின்னதாக இருப்பதால் அல்ல, வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி ஸ்டெய்னர் காற்றை உறிஞ்சுவதால்தான் அதிகம். ஸ்டெய்னர் வாய்க்கும் சம்ப் தரைக்கும் 6 முதல் 10 மி.மீ. இருக்க வேண்டும், ஒரு களிமண் உருண்டையை வைத்து சம்ப்பை அழுத்தி எடுத்தால் அளவு தெரிந்துவிடும். குழாய் ஓ-ரிங் புதுசு போடுங்கள். சம்ப்புக்கு சிலிகான் பூசும்போது கை தாராளமாக இருந்தால் உள்ளே பிதுங்கியது காய்ந்து விழுந்து, ரப்பர் புழு மாதிரி ஸ்டெய்னர் வலையில் ஒட்டிக்கொள்ளும். மெலிசாகப் பூசச் சொல்லுங்கள்.

மாட்டும்போது பம்ப்பை ஆயில் ஊற்றி நிரப்பி மாட்டுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, கேஜில் முள் எழும்பும் வரை செல்ஃப் அடித்துவிட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்கள்.

ஈரோடு வாசகி: அண்ணன் கட்டிக்கொடுத்த ஜென் கார். சூடான பிறகு சிக்னலில் நின்றால் ஆயில் விளக்கு மினுக்குகிறது, ஆக்சிலேட்டர் தொட்டால் அணைகிறது. கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும், பம்ப் மாற்ற வேண்டாம் என்கிறார்கள். ஊற்றலாமா?

அம்மணி, ஊற்றினால் விளக்கு அணையும், நோய் அப்படியேதான் இருக்கும். முதலில் பிரஷர் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பாருங்கள். சுவிட்சே கெட்டுப்போய்ப் பொய் சொல்வது சகஜம். சூட்டில் ஐடிலில் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் நின்றால் சுவிட்சை மாற்றிவிட்டு நிம்மதியாக ஓட்டுங்கள். 5-க்கும் கீழே என்றால் ஓட்டாதீர்கள், சம்ப்பைக் கழற்றி பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அண்ணன் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

நாமக்கல் வாசகர்: கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவிலும் ஓட்டுகிற கார், இன்ஜின் புதிதாகக் கட்டியது. ஏறும்போது வளைவுகளில் பிரஷர் விழுகிறது. டிரை சம்ப் (ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்து ஓட்டும் அமைப்பு) போட வேண்டுமா?

வேண்டாமுங்க. மணிக்கு 20 கிலோமீட்டரில் 10 மீட்டர் ஆரமுள்ள வளைவைச் சுற்றினால் பக்கவாட்டு விசை 0.3 ஜி அளவுதான், ஆயில் மட்டம் 17 டிகிரி சாயும். டிராக்கில் 1 ஜி வந்தால்தான் 45 டிகிரி. இவ்வளவு சின்னச் சாய்வுக்கே பிரஷர் விழுகிறதென்றால் ஏற்றத்தின் சரிவும் சேர்ந்துகொள்கிறது, ஆயில் குறைவாக இருக்கிறது, அல்லது ஸ்டெய்னர் உயரமாக உட்கார்ந்திருக்கிறது. சமதளத்தில் நிறுத்தி, ஐந்து நிமிஷம் விட்டு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மேல் கோடு வரை ஊற்றியும் விழுந்தால் சம்ப்பைக் கழற்றுங்கள். வேறு மாடல் சம்ப்பும் ஸ்டெய்னரும் கலந்து மாட்டியிருக்கிறார்களா என்று அப்போதே பார்த்துவிடலாம்.