ஒரே புயலுக்குப் பாண்டியில் 5,000, கடலூரில் 2,000: இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

2024 ஃபெஞ்சல் புயல் நிவாரணத்தை வைத்து இதைக் கேட்டுவிட்டு, வீடும் தோப்பும் திரும்ப உண்டாக்க ஏன் தருவதில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் எங்கள் பக்கத்து ஆள்தான் போலிருக்கிறது.

குடும்ப அட்டைக்கு எவ்வளவு என்பதை அந்தந்த அரசே முடிவு செய்கிறது, அதனால்தான் வித்தியாசம். தமிழ்நாட்டில் மாநிலப் பேரிடர் நிதி என்று ஒன்று உண்டு. 100 ரூபாயில் 75 மத்திய அரசு, 25 மாநிலம். போதாவிட்டால் மத்தியக் குழு வந்து பார்த்து, தேசிய நிதியிலிருந்து தருவார்கள். ஆனால் இது உடனடித் தேவைக்கான நிவாரணம்தான், இழந்ததற்கு ஈடான இழப்பீடு அல்ல என்று விதியிலேயே இருக்கிறது. பெரிய வேலைகளுக்குக் கடன் வாங்குகிறார்கள். கடலூரில் மின்கம்பியை மண்ணுக்கடியில் கொண்டுபோனது உலக வங்கிக் கடனில்.

இந்த நிவாரணம், இழப்பீடு வித்தியாசம் எனக்குத் தெரிந்தது 'தானே' என்ற புயலில். 2011 டிசம்பர் 30 விடிகாலை. பண்ருட்டி பக்கம் எங்களுக்கு மூன்று காணி முந்திரி. காற்று நின்றதும் அப்பாவோடு போனேன். தோப்புக்குள் நுழைய வழியில்லை. வேரோடு சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அப்பா ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கணக்கெடுக்க வந்தார்கள். பட்டா இறந்துபோன தாத்தா பேரில். வாரிசுச் சான்று கேட்டார்கள், சித்தப்பாக்கள் இரண்டு பேர் கையெழுத்தும் கேட்டார்கள். ஒருவர் திருப்பூரில். எல்லாம் சேர்த்துக் கொண்டுபோனபோது பட்டியல் முடிந்துவிட்டது என்றார்கள். அப்பா எட்டு முறை நடந்தார். கிடைத்திருந்தாலும் கன்று வாங்கவும் குழி எடுக்கவும்தான் காணும். முந்திரி ஓரளவு காய்க்கவே நாலைந்து வருஷம் ஆகும், அதுவரை சோற்றுக்கு?

எந்தக் கட்சிக்காகவும் இதை எழுதவில்லை. அரசாங்கம் பணத்தை அச்சடிக்குமா என்று சண்டைக்கு வராதீர்கள். அப்போது குடிசைக்குப் பதிலாகக் கட்டித் தந்த கான்கிரீட் வீடுகளில் எங்கள் தெருவிலேயே ஆட்கள் இருக்கிறார்கள், அதை நான் மறைக்கவில்லை.

அரசாங்கத்தைவிட எனக்கு ஆறாதது அந்த மர வியாபாரி. மிருதங்கத்துக்குத் தேடி வந்து வாங்கும் பலாக்கட்டை எங்கள் ஊருடையது. தாத்தா வைத்த இரண்டு பலாவை விறகு விலைக்குக் கேட்டார். "காத்துல விழுந்த மரத்துக்கு என்ன பெரிய விலை?" என்றார். வீட்டில் அரிசி இல்லை, கொடுத்துவிட்டோம்.

சரி, உங்கள் பட்டா யார் பேரில் இருக்கிறது? முதலில் அதைப் பாருங்கள்.