மார்கழிக் குளிரும் பீட்டிலின் ஹீட்டரும்

(வாசகர் கேள்வி – பதில்: பழைய வண்டிப் பகுதி)

ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் பழைய கார் ஓட்டுகிறவர்களிடமிருந்து ஹீட்டர் பற்றி ஐந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இந்த இதழிலேயே பதில்.

கேள்வி: என்னிடம் 1970 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இருக்கிறது. மார்கழியில் விடியற்காலை ஏலகிரி ஏறினால் நாலைந்து வளைவுக்குள் முன்கண்ணாடி உள்பக்கம் மங்கிவிடுகிறது. ஹீட்டர் லீவரைத் தூக்கினால் ஒன்றும் வருவதில்லை. தனியாக ஒரு ஹீட்டர் வாங்கி மாட்டலாமா? – காட்பாடி வாசகர்

வாங்கலாம், ஆனால் இப்போது வேண்டாம். முதலில் வண்டியில் ஏற்கெனவே இருப்பதை வேலை செய்ய வையுங்கள்.

தண்ணீர் இல்லாமல் காற்றிலேயே குளிரும் எஞ்சின், ரேடியேட்டர் இல்லாத வண்டிக்கு ஹீட்டர் ஏது என்று பட்டறைகளில் கேட்பார்கள். இருக்கிறது. எஞ்சின் ஃபேன் ஊதும் காற்றில் ஒரு பங்கு, இரண்டு ஹோஸ் வழியாக இறங்கி 1, 3-ம் சிலிண்டர்களின் புகைக்குழாயைச் சுற்றியுள்ள ஹீட்டர் பாக்ஸுக்குள் போகிறது. அங்கே சூடாகி, கதவுக்குக் கீழே ஓடும் இரும்புப் பெட்டி வழியாக முன்னால் வந்து, காலடியிலும் முன்கண்ணாடியின் அடியிலும் வெளியேறுகிறது. 1963 மாடலிலிருந்து இந்த ஏற்பாடுதான். அதற்கு முந்தைய வண்டிகளில் சிலிண்டரைத் தொட்ட காற்றே நேராக உள்ளே வந்தது, எண்ணெய் வாடையோடு.

பின்னால் இருக்கும் எஞ்சினிலிருந்து முன்கண்ணாடி வரை நீளமான பாதை. பின்னாலிருந்து முன்னாலாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

எஞ்சின் மூடியைத் திறந்ததும் ஃபேன் கூட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஹோஸ் இறங்குகிறதா என்று பாருங்கள். எஞ்சினை இறக்கி ஏற்றும்போது "நம்ம ஊருக்கு இது எதுக்கு" என்று கழற்றிப் போட்டிருப்பார்கள். கழற்றிய வாயை அடைக்காமல் விட்டிருந்தால் ஹீட்டர் போனது மட்டுமல்ல, சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்றும் வீணாகிறது. வேலூர் வெயிலில் அது எஞ்சினையே பாதிக்கும். ஹோஸ் மாட்டுங்கள், இல்லையென்றால் மூடி போடுங்கள்.

அடுத்து கேபிள். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, உள்ளே ஒருவரை லீவரைத் தூக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்க ஹீட்டர் பாக்ஸிலும் கேபிள் இழுக்கும் கை அசைய வேண்டும். அசையவில்லை என்றால் கேபிள் அறுந்திருக்கும், அல்லது கையின் அச்சு துருப்பிடித்து இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவிட்டு மெதுவாக அசையுங்கள். சுத்தியலால் தட்டினால் கை கையோடு வந்துவிடும்.

மூன்றாவது, கதவுக்குக் கீழே உள்ள பெட்டி. பீட்டிலின் பெரிய வியாதியே இதுதான். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே துரு தின்றிருக்கும். எஞ்சின் பக்கம் உடம்போடு சேரும் ஹோஸைக் கழற்றி, அந்த வாயில் ஊதும் வகை வாக்குவம் கிளீனரை வைத்து ஓட்டுங்கள். ஓர் ஊதுவத்தியைப் பற்றவைத்துக் கதவடியில், கால்மிதிக்குக் கீழே, படிப் பலகை ஓரமாகக் காட்டிக்கொண்டே போங்கள். புகை எங்கே சிதறுகிறதோ அங்கே ஓட்டை. சின்ன ஓட்டை என்றால் டிங்கர் ஒட்டு வைப்பார். பெட்டி முழுக்க உளுத்துப்போயிருந்தால் மாற்றுவதே வழி. அது வண்டிக்கு முதுகெலும்பு மாதிரி என்பதால், ஹீட்டர் வேண்டாம் என்று சொல்கிறவர்களும் தள்ளிப்போடக் கூடாது.

ஃபேன் டைனமோவின் அச்சிலேயே இருக்கிறது. பெல்ட் தளர்ந்தால் காற்று குறையும். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 15 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். எஞ்சின் சூடாகும்வரை குளிர்காற்றை மட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் அதன் தகடுகளையும் கழற்றி எறிந்திருந்தால் விடியற்காலையில் எஞ்சின் சூடேறவே நெடுநேரம் ஆகும்.

இத்தனையும் சரியாக இருந்தும் மலை இறங்கும்போது காற்று ஆறிப்போகும். கோளாறு அல்ல. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் புகைக்குழாய்க்குச் சூடு ஏது? மெதுவாகப் போகும்போதும் காற்று போதவில்லை என்றால், படகுகளில் வைக்கும் 3 அங்குல 12 வோல்ட் குழாய் ஃபேன் இரண்டு வாங்கி, பக்கத்துக்கு ஒன்றாக வையுங்கள். ஒன்று சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். ரிலேயும் தனி ஃபியூஸும் அவசியம். ஃபேன் கூட்டுக்கும் ஹீட்டர் பாக்ஸுக்கும் நடுவே, குளிர்ந்த பக்கத்தில் மட்டுமே வைக்க வேண்டும். சூடான பக்கத்தில் வைத்தால் பிளாஸ்டிக் உருகி ஓடிவிடும்.

கண்ணாடி மங்குவது வெளிப்பனியால் அல்ல, உங்கள் மூச்சினாலும், கார்த்திகை மழையில் நனைந்து காயாத கால்மிதியாலும்தான். மிதியைத் தூக்கி வெயிலில் போடுங்கள். கண்ணாடியின் உள்பக்கம் படிந்த எண்ணெய்ப் படலத்தைத் துடையுங்கள். முக்கோணக் கண்ணாடியை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். பாதிப் பிரச்சினை காசில்லாமல் தீரும்.

கேள்வி: ஹீட்டரைத் திறந்தால் ஒரு கருகல் வாடை. அரைமணி நேரத்தில் தலை வலிக்கிறது. – ராணிப்பேட்டை வாசகர்

இன்றே ஹீட்டரை மூடிவிடுங்கள். சோதித்துச் சரிபார்க்கும்வரை திறக்க வேண்டாம்.

கருகல் வாடைக்குப் பெரும்பாலும் எண்ணெய்தான் காரணம். வால்வ் மூடி கேஸ்கட்டிலும் புஷ்ராட் குழாய் சீலிலும் கசிகிற எண்ணெய் நேராக ஹீட்டர் பாக்ஸின் மேல் சொட்டிக் கருகுகிறது. அதுவரை எரிச்சல் மட்டும். தலைவலிதான் பயம் தருகிறது. ஹீட்டர் பாக்ஸுக்குள் இருக்கும் புகைக்குழாய் துருப்பிடித்து விரிசல் விட்டால், எஞ்சின் புகையும் அதிலுள்ள கார்பன் மோனாக்சைடும் காற்றோடு உள்ளே வரும். அந்த வாயுவுக்கு வாடையே கிடையாது. மூக்கை நம்பாதீர்கள்.

பாக்ஸைக் கழற்றி, புகைக்குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் லேசாகக் காற்று விட்டு வாளித் தண்ணீரில் முக்குங்கள். குமிழி வந்தால் அந்த பாக்ஸ் பழைய இரும்புக்குத்தான். விரிசல் உறைக்குள் இருப்பதால் வெளியிலிருந்து வெல்டிங் எட்டாது. மாற்று வாங்கும்போது உள்ளே அலுமினியத் துடுப்புகள் உண்டா என்று கையை விட்டுப் பாருங்கள். துடுப்பில்லாத மலிவுப் பாக்ஸில் சூடு பாதிகூட வராது. சிலிண்டர் ஹெட்டோடு சேரும் கேஸ்கட்டுகளும் புதிதாக வேண்டும்.

இன்னொரு வழியிலும் புகை நுழையும், இதைப் பலர் பார்ப்பதில்லை. எஞ்சின் அறையைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் ஓடுகிறது. அது போயிருந்தால், சைலன்சரில் கசிகிற புகையைக் கீழிருந்து ஃபேன் உறிஞ்சி, ஹீட்டர் வழியாக உங்கள் மூக்குக்கே அனுப்பும். ஹீட்டர் பாக்ஸ் புத்தம்புதிதாக இருந்தாலும் இது நடக்கும்.

பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வண்டியில் வையுங்கள். வீட்டு வகை அலாரம் குறைந்த அளவுக்கு உடனே கத்தாது. 50 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு) அளவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்துதான் ஒலிக்கும். எண் காட்டும் திரையுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற 150 வாட் ஹீட்டர் போதுமா? – ஆம்பூர் வாசகர்

150 வாட் என்றால் 12 வோல்ட்டில் பன்னிரண்டரை ஆம்பியர். 12 வோல்ட் பீட்டிலின் டைனமோ நல்ல வேகத்தில் தருவது சுமார் 30 ஆம்பியர். ஐடிலில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஹெட்லைட், இக்னிஷன், வைப்பர் எல்லாம் போக மிச்சம் கொஞ்சம்தான், அதையும் இது தின்றுவிடும். கிடைக்கும் சூடு கண்ணாடியில் உள்ளங்கை அளவு தெளிவாக்கும். ஒரு வண்டியைச் சூடாக்க 2 கிலோவாட்டாவது வேண்டும். மின்சாரத்தில் எடுத்தால் 167 ஆம்பியர். 6 வோல்ட் வண்டிக்கு இதை யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: என் அம்பாசடரில் இருக்கிற மாதிரி தண்ணீர் ஹீட்டரைத் தம்பியின் பீட்டிலுக்கு மாற்ற முடியுமா? – ஆரணி வாசகர்

முடியாது. அம்பாசடரில் எஞ்சினின் வெந்நீர் ஒரு சின்ன ரேடியேட்டருக்குள் ஓடுகிறது. பீட்டிலில் ஓட வெந்நீரே இல்லை.

கேள்வி: காவலூர்ப் பக்கம் நட்சத்திரம் பார்க்க இரவில் போய் வண்டியிலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்போம். எஞ்சினை அணைத்தால் குளிர் தாங்கவில்லை. டீசல் ஹீட்டர் ஒன்றை பீட்டிலில் பொருத்த என்னென்ன வேண்டும்? – திருப்பத்தூர் வாசகர்

தனி ஹீட்டருக்கு நியாயமான காரணம் உங்களுடையதுதான். எஞ்சின் நின்றால் பீட்டிலின் சொந்த ஹீட்டரும் நின்றுவிடும். எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு உட்காருவது ஆபத்து. இரவு வானம் பார்க்கப் போகிற இடத்தில் சத்தமும் வேண்டாம்.

எரிபொருள் ஹீட்டர் பீட்டிலுக்குப் புதிதல்ல. குளிர் நாடுகளுக்கு எபர்ஸ்பேக்கர் பெட்ரோல் ஹீட்டரை அந்தக் காலத்திலேயே கூடுதல் பொருளாகத் தந்தார்கள். இப்போது எளிதாகக் கிடைப்பது 2 கிலோவாட் டீசல் வகை. 5 கிலோவாட் வாங்காதீர்கள். பீட்டிலின் சின்ன உள்ளறையில் அது எப்போதும் குறைந்த அளவிலேயே ஓடி, கரி பிடித்து அடைத்துக்கொள்ளும். டீசல் ஹீட்டரில் பெட்ரோல் ஊற்றவே கூடாது; தீப்பிடிக்கும். தனி டீசல் டேங்க் வேண்டும். மணிக்கு 0.1 முதல் 0.28 லிட்டர்தான் செலவு என்பதால் 3 லிட்டர் டேங்க் தாராளம். அதை உள்ளறைக்கு வெளியே, முன் டிக்கியில் பட்டை போட்டு இறுக்கி வையுங்கள்.

ஹீட்டரை அதே முன் டிக்கியில் வைக்கத் தோன்றும். பெட்ரோல் டேங்க் அங்கே இருக்கிறது, வேண்டாம். பின் சீட்டின் முன்னால், இடப்பக்கத் தட்டைத் தரை நல்ல இடம். அடியில் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு வைத்து, ஹீட்டரோடு வந்த கேஸ்கட்டைப் போட்டு இடைவெளியில்லாமல் இறுக்குங்கள். எரிவதற்கான காற்றை எடுக்கும் குழாய், புகைக்குழாய், டீசல் குழாய் மூன்றும் தகடு வழியாக நேராகக் கீழே போக வேண்டும். எரிகாற்றை வண்டிக்குள்ளிருந்து எடுக்க விடாதீர்கள்.

புகைக்குழாய் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக, இணைப்பு எதுவும் உள்ளறையில் இல்லாதபடி, பக்கவாட்டில் போய்ப் பின்சக்கரத்துக்கு முன்னால் தரையைப் பார்த்து முடியட்டும். தாழ்ந்த இடத்தில் ஒரு சின்னத் துளை போட்டால் தேங்கும் தண்ணீர் வடியும். நம் ஊர் வேகத்தடைகளை மனதில் வைத்து, குழாயை வண்டியின் அடித்தகட்டோடு ஒட்டி எடுத்துச் செல்லுங்கள். பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள எஞ்சின் காற்றுத் துவாரங்களின் பக்கம் புகை போகக் கூடாது. போனால் என்ன ஆகும் என்பதை ராணிப்பேட்டை வாசகருக்குச் சொன்ன பதிலில் பாருங்கள்.

டீசல் பம்ப் படுத்தபடி இருக்கக் கூடாது. வெளியேறும் முனை மேல்நோக்கி 15 முதல் 35 டிகிரி சாய்வில் இருந்தால்தான் காற்றுக் குமிழி வெளியேறும். வெள்ளைப் புகை விட்டுப் பற்றாமல் நிற்கிற ஹீட்டர்களில் பல இந்தச் சாய்வு பார்க்காமல் மாட்டியவை. இன்னொரு காரணம் மெல்லிய வயர். பற்றும் நேரத்தில் 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டும் சேர்த்து 5 மீட்டர் வரை 4 சதுர மில்லிமீட்டர் வயர், அதற்கு மேல் 6. பேட்டரியிலிருந்து நேராக எடுத்து, பக்கத்திலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருப்பதால் அதன் மூடி கட்டாயம். மூடி இல்லாமல் கனத்த ஆள் உட்கார்ந்தால் சீட் ஸ்பிரிங் டெர்மினலைத் தொட்டுத் தீப்பிடிக்கும்.

அணைக்கும்போது சுவிட்சை மட்டும் போடுங்கள். உள்சூட்டை இறக்க ஃபேன் மூன்று முதல் ஐந்து நிமிடம் தானாக ஓடும். பொறுமையில்லாமல் பேட்டரி இணைப்பைப் பிடுங்கினால் எரியறை வெந்து, மேலுறை உருகும். காவலூர் 725 மீட்டர் உயரம், ஏலகிரி சுமார் 1,100. இரண்டிலும் எந்த மாற்றமும் தேவையில்லை. ஊட்டி 2,240 மீட்டர் என்பதால் அங்கே காற்று மெலிந்து, இரவு முழுக்க ஓட்டினால் கரி சேரும். அப்படியே தூங்கப் போகிறீர்கள் என்றால் அலாரம் இல்லாமல் வேண்டாம்.

இன்னொன்று. 50 வயது தாண்டி வின்டேஜ் பதிவு எடுத்த வண்டிக்கு, 2021 விதிப்படி பாடியிலும் சேசிஸிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அன்றாட ஓட்டமும் கூடாது. தரையில் துளை போடுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். துளைகளைப் பின்னால் ரப்பர் மூடி போட்டு அடைக்கும் அளவில் வைத்துக்கொள்வதும் நல்லது.

மாட்டியபின் ஹீட்டரை மார்கழிக்கு மார்கழி மட்டும் ஓட்டினால் டீசல் பிசினாகி பம்ப் இறுகிவிடும். மாதம் ஒருமுறை 15 நிமிடம், முழு வேகத்தில், கத்திரி வெயிலிலும். தெருவில் நான்கு பேர் பார்த்துச் சிரிப்பார்கள். கண்ணாடிகளை இறக்கிவிட்டு வெளியே நில்லுங்கள்.