அசோக மரம்: கேள்வி பதில்

கேள்வி (கோவை): எங்கள் தெரு அசோக மரங்களில் சிவப்புப் பூவே வருவதில்லையே?

பதில்: அது நெட்டிலிங்கம், சீத்தா குடும்பம். அசோகு புளிய மரத்துக்கு உறவு. இலையைப் பாருங்கள். நெட்டிலிங்கத்துக்கு ஓரம் நெளிந்த தனி இலை. அசோகுக்கு ஒரே காம்பில் ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகள்.

கேள்வி (நாகர்கோவில்): காட்டில் எங்கே தேடுவது?

பதில்: மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடைக் கரையைப் பிடித்து நடங்கள். பெரிய மரங்களின் நிழலில், ஈர மண்ணில், பெரும்பாலும் பத்து மீட்டருக்குள் நிற்கும். இலங்கையிலும் உண்டு. தளிர் செம்பு நிறத்தில், துவண்ட துணிபோலத் தொங்கும். வாடிவிட்டது என்று நினைக்காதீர்கள், பச்சை ஏறியதும் விறைத்துவிடும். பூக்கொத்து முற்றிய கிளையிலும் அடிமரத்திலும்கூட வெடிக்கும். மஞ்சள் கலந்த ஆரஞ்சாக விரிந்து நாளாக ஆகச் சிவக்கும். நாம் இதழ் என்று பார்ப்பது புல்லிதான் (மொட்டை மூடியிருக்கும் வெளியுறை), இதழே கிடையாது. நீளமாக நீட்டிக்கொண்டிருப்பவை மகரந்தத் தாள்கள்.

கேள்வி (மதுரை): பட்டைக் கஷாயம் தினமும் எவ்வளவு குடிக்கலாம்?

பதில்: சித்த மருத்துவரைக் கேளுங்கள். கடைப் பட்டையில் நெட்டிலிங்கப் பட்டையைக் கலப்பதும் உண்டு, கவனம்.

கேள்வி (தென்காசி): தாத்தா காலத்திலிருந்து பட்டை உரிக்கிறோம். திரும்ப வளருதே?

பதில்: ஒரு பக்கம் மட்டும் சின்னக் கீற்றாக எடுத்தால் ஆறும். சுற்றி உரித்தால் மரம் போய்விடும். இலை சமைத்த உணவு உட்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அந்த வழியை வெட்டினால் வேர் பட்டினியில் சாகும். தாத்தா வீட்டுத் தேவைக்கு எடுத்தார். இன்று மூட்டை மூட்டையாகப் போகிறது.

கேள்வி (தென்காசி, மறுபடியும்): அப்போ மருந்துக்கு எங்கே போவது?

பதில்: நட்டு வளர்த்த மரத்துக்கு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1998-லேயே இதை அழிய வாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிட்டது. பட்டைக்காரர்கள் முதலில் தேடுவது தடித்த, காய்க்கிற மரத்தை. அது போனால் அந்த ஓடையில் கன்றுக்கு விதை ஏது? காப்புக்காட்டில் அனுமதியின்றி உரிப்பது குற்றமும்கூட.

கேள்வி (சேலம்): காம்பவுண்டு ஓரம் ஒல்லியாக வளரும் அசோகு...

பதில்: நெட்டிலிங்கம். முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (திருச்சி): விதை முளைக்கவே இல்லை.

பதில்: காயவைத்திருப்பீர்கள். காய்ந்தால் வீணாகிவிடும். காய் வெடித்ததும் புது விதையை நிழலில் ஊன்றுங்கள், மண் ஈரம் குறையக் கூடாது.

கேள்வி (சென்னை): மொட்டை மாடித் தொட்டியில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். வெயில் தாங்காது.